ஃபர்ஸ்ட் குரூப்தான் வேணும், சார்!

மே மாதம் வந்தால் ஏற்காட்டில் இரண்டு கூட்டம். கோடை விழா பார்க்க வந்து படகுத் துறையில் வரிசை கட்டுவது ஒன்று. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபின் பிளஸ் ஒன் சேர்க்கைக்காக ஹெச்.எம். அறை வாசலில் நிற்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கூட்டத்தில் வருடம் தவறாமல் ஒருத்தி இருப்பாள். ஊர் நாகலூராக இருக்கலாம், மஞ்சக்குட்டையாக இருக்கலாம், செம்மநத்தமாகவும் இருக்கலாம். ஆள் என்னவோ ஒரே ஆள்தான். கையில் மார்க் ஷீட். பக்கத்தில், எஸ்டேட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த அப்பா. வாயில் ஒரே பேச்சு: "ஃபர்ஸ்ட் குரூப்தான் சார் வேணும்."

கணக்கும் அறிவியலும் சேர்ந்த குரூப் அது. கணக்கில் அவள் எடுத்தது 41.

"காமர்ஸ் எடும்மா, ஈஸியா பாஸ் பண்ணிடலாம்" என்பார் ஆசிரியர், கனிவாகத்தான்.

"காமர்ஸ்ல 90க்கு எழுதணும் சார். பிசிக்ஸ்ல 70க்கு எழுதினா போதும். பிராக்டிகல் 20, இன்டர்னல் 10 தனியா வந்துடுது. எது சார் ஈஸி?"

கணக்கில் 41 வாங்கிய பெண் போட்ட கணக்கு இது. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். செய்முறை உள்ள பாடங்களுக்கும் இல்லாத பாடங்களுக்கும் மதிப்பெண் இப்படித்தான் பிரிகிறது என்பதால் அவரால் மறுத்தும் பேச முடியாது.

அவரை வில்லனாக்குவது சுலபம், ஆனால் நியாயமில்லை. தேர்ச்சி விகிதம் இரண்டு புள்ளி இறங்கினால் முதன்மைக் கல்வி அலுவலர் நடத்தும் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்கப்போவது அவர்தான். இந்தப் பெண் அங்கே வரப்போவதில்லை. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது அந்தப் பயம் இரட்டிப்பானது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பயம் மட்டும் இன்னும் பணியில் நீடிக்கிறது.

"ஃபர்ஸ்ட் குரூப் எடுத்து என்ன பண்ணப் போற?" என்பது அடுத்த கேள்வி. டாக்டர், கலெக்டர் என்று அவள் சொல்லியிருந்தால் சிரித்து அனுப்பிவிடலாம். அவளோ, "ஆர்க்கிட் தோட்டத்துல வேல பாக்கணும் சார்" என்கிறாள். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963இலிருந்து ஏற்காட்டிலேயே ஆர்க்கிட் வளர்த்து ஆராய்ந்து வருகிறது. பூச்சி தின்னும் குடுவைத் தாவரம்கூட அங்கே உண்டு. போதாததற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இதே ஊரில். இரண்டிலும் களை பறிக்கவும் தண்ணீர் ஊற்றவும் சேர்வராயன் மலைக்காரர்கள் எத்தனையோ பேர் போய் வந்திருப்பார்கள். செடிக்குப் பெயர் வைக்கிற நாற்காலிக்குப் போக வேண்டுமானால் தாவரவியல் படிக்க வேண்டும் என்பதை இவள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள்.

"அதுக்கு பியூர் சயின்ஸ் போதுமே, கணக்கு எதுக்கு?"

"இருக்கட்டும் சார்."

இந்த "இருக்கட்டும்" என்ற சொல்லுக்கு முன் கல்வித்துறையின் எந்த அரசாணையும் நிற்காது.

அப்பா இதுவரை பேசவில்லை. பேசச் சொன்னால், "அவ கேக்கறதக் குடுத்துருங்க சார், வூட்லயும் இதே தொல்லதான்" என்பார். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது அவருக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். மகள் சொல்லி மனப்பாடமே ஆகியிருக்கும்.

அமெரிக்காவில் பல பள்ளிகளில் இதற்கென்றே ஒரு படிவம் உண்டு. ஆசிரியர் வேண்டாம் என்ற கடினமான பாடத்தைப் பிள்ளை எடுக்க, பெற்றோர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கலாம். நம்மூரில் அச்சடித்த படிவம் கிடையாது, வெள்ளைத் தாள்தான். "என் மகள் தேர்ச்சி பெறாவிட்டால் பள்ளி பொறுப்பல்ல" என்று ஹெச்.எம். சொல்லச் சொல்ல மகளே எழுதுவாள், அப்பா கையெழுத்துப் போடுவார். தேர்ச்சி பெற்றால் யார் பொறுப்பு என்பதை மட்டும் எந்தத் தாளிலும் எழுதி வாங்குவதில்லை.

அதற்கும் ஆசிரியர் மசியாவிட்டால் பையிலிருந்து பேப்பர் கட்டிங் வெளியே வரும். 2025இல், இதே சேலம் மாவட்டத்தின் கருமந்துறைப் பக்கத்துப் பழங்குடி மாணவி ஒருத்திக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த செய்தி. முந்தைய வருடம் பச்சைமலைப் பெண் ஒருத்தி திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்த செய்தியும் அதன் பின்னாலேயே ஒட்டியிருக்கும். "அந்தப் பொண்ணுங்க வேறம்மா" என்று சொல்ல ஆசிரியர் வாயெடுப்பார். எப்படி வேறு என்று இவள் திருப்பிக் கேட்பாள் என்பது அவருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பேசாமல் சேர்க்கைப் படிவத்தை நீட்டுவார்.

இப்படி அடம்பிடித்துச் சேருகிறவர்கள் எல்லாரும் ஜெயிப்பதில்லை. ஜூலையிலேயே அழுதுகொண்டு குரூப் மாற்றக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. நம் ஆள் அந்த ரகமில்லை. அரையாண்டில் இயற்பியலில் 70க்கு 19. சார் திட்ட ஆரம்பிப்பதற்குள், "முப்பதைச் சேத்தா 49 சார், பாஸ்" என்று அவளே தீர்ப்பையும் சொல்லிவிடுவாள். மெல்லக் கற்போர் கையேட்டை அவர் நீட்டினால், புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

"இதுல வெப்ப இயக்கவியல் பாதிதான் சார் இருக்கு. மீதிய எப்ப நடத்துவீங்க?"

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போகவேண்டிய மனிதர், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருக்கும். அவள் நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, தலைப்பும் எழுதி முடித்திருப்பாள்.