டிராஃப்ட் திலகம்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற ஆபீஸ் எதற்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். விசிட்டிங் கார்டில் அட்மின் மேனேஜர் என்று இருக்கும். ஆனால் வெளிநாட்டு பையருக்குப் போகிற எந்த மெயிலும் இவர் திருத்தாமல் படி தாண்டக் கூடாது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். மேஜை டிராயரில் பைண்டிங் பிய்ந்த ரென் அண்ட் மார்ட்டின் இங்கிலீஷ் கிராமர். ஆபீஸ் பையன்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர், டிராஃப்ட் திலகம்.

புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் பெண் இரண்டே வரியில் விஷயத்தை முடித்துக் கொண்டுவருவாள்: துணி வரத் தாமதம், ஷிப்மென்ட்டுக்குப் 10 நாள் அவகாசம் வேண்டும். திலகத்துக்கு முகம் சுண்டிவிடும்.

“என்ன கண்ணு, வாசல்ல நின்னு கடன் கேக்கற மாதிரி எழுதியிருக்கே? கம்பெனிக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். ‘வித் ரெஃபரன்ஸ் டு தி ட்ரெயிலிங் மெயில்’ என்று பிள்ளையார் சுழி போடுவார். அடுத்து ‘யுவர் குட்செல்ஃப்’. ‘அன்அவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்ஸஸ்’ வராமல் இரண்டாவது பத்தி முடியாது. வரிக்கு ஒரு ‘கைண்ட்லி’. கடைசியில் ‘டு தி நீட்ஃபுல்’. அந்தப் 10 நாள் மட்டும் நாலாவது பத்தியில், இரண்டு கமாக்களுக்கு நடுவில் மூச்சுத் திணறிக் கிடக்கும். கம்ப்யூட்டர் வரிக்கு வரி கோடு போட்டுக் காட்டினால், “அது அமெரிக்கக்காரன் இங்கிலீஷ், விடு” என்பார்.

ஹாம்பர்க்கில் இருக்கும் பையர் அதை போனிலேயே படித்துவிட்டு ‘நியூ டேட்?’ என்று மட்டும் பதில் போடுவான். திலகத்துக்கு மனசு விட்டுப்போகும். “ஒரு ‘ரிகார்ட்ஸ்’ கூடப் போடலை பாரு. படிச்சவன் மாதிரியா இருக்குது?”

பிரிட்டிஷ் அரசாங்கமே தன் அதிகாரிகளின் சுற்றி வளைத்த ஆங்கிலம் தாங்காமல், எர்னஸ்ட் கவர்ஸ் என்பவரைக் கொண்டு ‘பிளெய்ன் வேர்ட்ஸ்’ என்றொரு புத்தகம் எழுத வைத்தது. அது வந்தது 1948இல். லண்டனில் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிய சொற்களுக்கெல்லாம் திலகம் அவிநாசி ரோட்டில் மறுபடி வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஆனாலும் ஆளை லேசாக எடைபோட்டுவிட முடியாது. லேப் டிப் என்கிற சாய மாதிரியில் அப்ரூவ் ஆன நேவி ப்ளூ, சரக்கில் கத்திரிப்பூக் கலரில் வந்து நின்றதென்று வைத்துக்கொள்ளுங்கள். சாயம் போட்டது முதலாளியின் மச்சான் பட்டறை. “மச்சான் பேரு வரக் கூடாதுங்க, நம்ம பேரும் வரக் கூடாதுங்க” என்பார் முதலாளி. திலகம் யோசிக்கவே மாட்டார். ‘இட் ஹேஸ் பீன் அப்சர்வ்ட் தட் எ ஸ்லைட் வேரியேஷன் இன் ஷேட் ஹேஸ் அக்கர்ட்’ என்று தட்டிவிடுவார். பார்த்தது யார்? தெரியாது. செய்தது யார்? யாரும் இல்லை. கலர் தன்பாட்டுக்கு நடந்துபோய்க் கத்திரிப்பூவாகிவிட்டது. கம்பெனி எத்தனை நஷ்டக் கணக்குக் காட்டினாலும் இவருக்கு இன்க்ரிமென்ட் நிற்காததன் ரகசியம் இந்தச் செயப்பாட்டு வினைதான்.

இத்தனை வித்தையும் அடங்குகிற இடம் ஒன்றுண்டு. பணத்துக்கு பையரின் பேங்க் உத்தரவாதம் தரும் எல்.சி. வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். 2007 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் எல்.சி.க்கான யு.சி.பி. 600 விதிப்படி, டாக்குமென்ட்டுகளைப் பரிசீலிக்க பேங்குக்கு அதிகபட்சம் ஐந்து வேலை நாள். அதற்குள் ஒரு டிஸ்க்ரிபன்ஸி, அதாவது முரண்பாடு, கண்டுபிடித்தால் பணம் தொங்கலில் நிற்கும். அங்கே ‘கைண்ட்லி’ கிடையாது, ‘குட்செல்ஃப்’ கிடையாது. எல்.சி.யில் உள்ளது உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து இன்வாய்ஸில் இறங்க வேண்டும் என்பார்.

ஒருமுறை வந்த எல்.சி.யில் ‘காட்டன்’ என்பதற்கு ஒரு ‘டி’ குறைந்திருந்தது. மெர்ச்சண்டைசர் பெண் பொறுப்பாக அதைச் சேர்த்து இன்வாய்ஸ் அடித்துவிட்டாள். திலகம் பதறிவிட்டார்.

“சார், ஸ்பெல்லிங் தப்புங்க.”

“இருக்கட்டும்.”

“இந்தச் சின்னத் தப்புக்கெல்லாம் பேங்க்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார்.”

“சொன்னா நீ பணம் கட்டுவியா?”

ஆபீஸ் முழுக்க ஆங்கிலம் திருத்துகிறவர், தன் கையாலேயே அந்த ‘டி’யை அழித்தார்.

“முதல்ல டாலர் வரட்டும் கண்ணு. அவங்களுக்கு ஸ்பெல்லிங் அப்புறமாச் சொல்லிக் குடுத்துக்கலாம்.”