விரல் நீட்ட ஒரு சக்ரவர்த்தி

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையுறை மாட்டிய பையன். இந்தப் பக்கம் நீங்கள். சாதம் வெள்ளையா, பழுப்பா? பீன்ஸ் கறுப்பா, பின்ட்டோவா? வாயைத் திறந்து பதில்கூடச் சொல்வதில்லை நீங்கள். விரலை நீட்டுகிறீர்கள். அமெரிக்காவின் பரிட்டோ பௌல் கடைகளில் ஐந்து நிமிஷத்துக்கு எல்லோருமே சக்ரவர்த்தி!

சும்மா சொல்லவில்லை. இதற்கு நிஜமாகவே ஒரு சக்ரவர்த்தி முன்னோடி உண்டு. 1519-ல் மெக்சிகோவை ஆண்டுகொண்டிருந்த அஸ்டெக் மன்னர் மோக்டெசுமா. ஸ்பானியத் தளபதி கோர்டெஸின் படையோடு போன பெர்னால் டயஸ் என்கிற சிப்பாய், வந்த வேலைக்கு நடுவே (கொள்ளைதான், வேறென்ன?) மன்னரின் சாப்பாட்டையும் வாய்பிளந்து பார்த்திருக்கிறார். ஒரு வேளைக்கு முந்நூறு தட்டுகளுக்கு மேலாம். ஆறிப்போகாமலிருக்க அடியில் குட்டிக் குட்டி மண் கணப்புகள். சில நாள் மன்னரே நேரில் பார்வையிட வருவார். எது பிரமாதம், எது எந்தப் பறவை என்று உடன் வந்தவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அதாவது, விரலை நீட்டக்கூட ஆள் வைத்திருந்த மனுஷர்!

சாப்பிடும்போது யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முன்னால் பொன் வேலைப்பாடு செய்த தடுப்பு வேறு. இத்தனையையும் டயஸ் எழுதி முடித்தபோது ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. நேற்று ராத்திரி நாம் தின்றதே நமக்கு ஞாபகமில்லை. அவருக்கோ அடுத்தவர் தட்டு அரை நூற்றாண்டாக மறக்கவில்லை.

ஒரு சின்னச் சிக்கல். அந்த முந்நூறு தட்டிலும் ஒரு பருக்கை சோறு கிடையாது. பீன்ஸ், தக்காளி, மிளகாய், அவகாடோ எல்லாம் மண்ணின் மைந்தர்கள். அரிசி, சீஸ், மாட்டிறைச்சி, கொத்தமல்லி அத்தனையும் ஸ்பானியர்களுக்குப் பின்னால் வந்த சரக்கு. 'அசல் மெக்சிகன்' கிண்ணத்தில் பாதி, கப்பலில் வந்தது. ரொம்பச் சிரிக்காதீர்கள். நம் வத்தக்குழம்பு மிளகாயும் அந்த ஊரிலிருந்து போர்ச்சுகீசியர் புண்ணியத்தில் வந்ததுதான்.

சரி, 1993-க்கு வருவோம். ஸ்டீவ் எல்ஸ் முறையாகச் சமையல் படித்த செஃப். பிரமாதமான ஓர் உயர்தர ரெஸ்டாரன்ட் திறக்க வேண்டும் என்பது லட்சியம். அதற்குக் காசு சேர்க்க, அப்பாவிடம் 85,000 டாலர் கடன் வாங்கி, டென்வரில் ஒரு பழைய ஐஸ்கிரீம் கடையில், ரொட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டிய பரிட்டோ விற்க ஆரம்பித்தார். பெயர் சிபோட்லே. தினம் 107 விற்றால் பிழைத்துவிடலாம் என்று கணக்கு. ஒரே மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. லட்சியம்? அது பாவம், பரணில் ஏறிவிட்டது.

அப்புறம் வந்தது மாவுச்சத்து பயம். அட்கின்ஸ் டயட்காரர்கள் ரொட்டியைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் அலறிய காலம். 2003-ல் சிபோட்லே ரொட்டியை உருவிவிட்டு, உள்ளே இருந்ததைக் கிண்ணத்தில் கொட்டிக் கொடுத்தது. ஆஹா, என்ன தியாகம்! ரொட்டியைத் துறந்த கையோடு ஜனங்கள் விரலை நீட்டினார்கள், சோற்றுக்கு. சர்க்கரை போடாத காபிக்குத் தொட்டுக்கொள்ள மைசூர்பாகு!

போகட்டும், நமக்கும் ராஜா மாதிரி நிற்க ஓர் இடம் வேண்டாமா? நீட்டுங்கள் விரலை. அவகாடோ மசியல் பக்கம் போகும்போது மட்டும் அந்தப் பையன் பணிவாகச் சொல்வான்: "அதுக்கு எக்ஸ்ட்ரா காசு, சார்."

மோக்டெசுமாவிடம் யாரும் அப்படிச் சொன்னதாக டயஸ் எழுதவில்லை.