ஏற்றத்தில் உறுமும் ஜிப்ஸி

கே: கோத்தகிரியில் பழைய மாருதி ஜிப்ஸி வைத்திருக்கிறேன். ஏற்றத்தில் எஞ்சின்தான் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. கிளட்சை வீட்டிலேயே மாற்றலாமா?

ப: தாராளமாக. முதலில் கேபிளைப் பாருங்கள். பெடலில் ப்ளே இல்லாமல் அது இறுகியிருந்தால் புது பிளேட்டும் வழுக்கும். ஒரு நட்டைத் திருகினாலே சரியாகிவிடும்.

தேய்மானம்தான் என்றால், ஜிப்ஸிக்காரர் கொடுத்துவைத்தவர். பல ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கூட்டுக் குடும்பம், இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டும். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனிக்குடித்தனம். நடுவிலுள்ள குட்டி ஷாஃப்டைக் கழற்றினால் கியர்பாக்ஸ் மட்டும் வந்துவிடும்.

சமதளத்தில் நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றி, ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே படுக்காதீர்கள். கிளட்சுக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள், பழைய பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஃப்ளைவீலில் நீலத் திட்டோ வெடிப்போ உண்டா, கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். எண்ணெய் பட்டால் புது பிளேட்டும் வீண்.

பிளேட்டை நடுவில் நிறுத்துவதில்தான் பலர் தோற்கிறார்கள். கழித்துப்போட்ட கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் செருகி நிறுத்தி, போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் பிளேட்டில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும். அந்த நேரத்துக்கு மச்சானைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.