மார்கழி, எருமை, ஹீட்டர்: நீச்சல்குளத்து நீர்ச்சூடு பற்றி ஓர் ஆராய்ச்சி

வீட்டு நீச்சல்குளத்துக்கு ஹீட்டர் வாங்கலாமா என்ற வினா தமிழாய்வுலகில் இதுவரை உரிய கவனம் பெறவில்லை. குடுமியான்மலை இசைக் கல்வெட்டை எழுத்தெண்ணிப் படித்தவர்கள் இருக்கிறார்கள்; பொற்பனைக்கோட்டையில் மண்ணைச் சலித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு குளத்து நீர் விடியற்காலை ஆறு மணிக்கு எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பி, ஊருக்கு வெளியே தோட்டமும் வீடும் குளமுமாகக் கட்டுகிறவர்கள் இருக்கும் காலத்தில் இது பொறுக்கத்தக்க அலட்சியமல்ல.

நம் மாவட்டத்தின் முதன்மைச் சான்று சித்தன்னவாசலில் இருக்கிறது. அறிவர் கோயிலின் மேற்கூரையில் ஒரு தாமரைத் தடாகம் தீட்டப்பட்டிருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டு என்பது பெரும்பான்மைக் கருத்து. மீன் இருக்கிறது, அன்னம் இருக்கிறது, யானையும் எருமையும் இருக்கின்றன, பூப்பறிக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். ஹீட்டர் இல்லை. ஓவியத்தில் உதிர்ந்துபோன பகுதியில் அது இருந்திருக்கலாமே என்று ஒருவர் வாதிடக்கூடும். இது சமணத் தத்துவக் காட்சி என்று கலை வரலாற்றாளர்கள் வேறு பக்கம் இழுப்பார்கள். இரு தரப்பும் எருமையைக் கவனிக்கவில்லை. வியர்வைச் சுரப்பி குறைவாக உள்ள அந்தக் கருந்தோல் பிராணி தண்ணீரில் இறங்குவது சூட்டைத் தணித்துக்கொள்ள. இந்த மண்ணில் குளம் எதற்கு என்பதை நன்கு அறிந்த உயிர் அது.

அரச ஆவணங்களும் இதையே சொல்கின்றன. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மெல்போர்ன் நகரத்து மோலி ஃபிங்கை மணந்தார். ஆஸ்திரேலியாவில் இருந்தார், பிறகு பிரான்சில் குடியேறினார், 1928-இல் பாரிஸில் காலமானார். தொண்டைமான் வம்சத்தில் ஹீட்டர் தேவைப்பட்டிருக்கக்கூடியவர் இவர்தான். அதற்கும் அவர் புதுக்கோட்டையை விட்டுப் போக வேண்டியிருந்தது.

இனிக் கணக்கு. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழம் என்று ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். 40,000 லிட்டர் பிடிக்கும். ஆயிரம் லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் வேண்டும். ஆக, இந்தக் குளத்தை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 46 யூனிட். நான்கு டிகிரிக்கு 186. கம்பிச்சுருள் ஹீட்டர் போட்டால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்த சலுகை முதல் நாளே பாதி வழியில் தீர்ந்துவிடும். ஹீட் பம்ப் என்றால் காற்றில் உள்ள வெப்பத்தை உறிஞ்சிக் கொடுப்பதால் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 37 யூனிட்டில் வேலை முடியும். ஆனால் அதன் விலை லட்சக்கணக்கில்.

ஏற்றிய சூடு நிற்குமா என்பதுதான் ஆராய்ச்சியின் உயிர்நாடி. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்தக் குளம் குளிர்வதும் ஒரே விதிப்படிதான்: ஆவி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். குளத்தின் மேற்பரப்பில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர் போச்சு. அதனுடன் சுமார் 108 யூனிட் வெப்பமும் போச்சு. இரண்டு டிகிரிக்கு மேல் இறக்கம். இரவெல்லாம் திறந்து கிடக்கும் குளத்துக்கு ஹீட்டர் போடுவது வானத்துக்குக் கரண்ட் பில் கட்டுவதுதான். மூடி வைக்க ஒரு நல்ல படுதா போதும். அது ஹீட்டர் விலையில் ஒரு சிறு பங்குதான் என்பதால் விற்பனையாளர் எவரும் அதை முதலில் எடுத்துக் காட்டுவதில்லை.

மறுபக்கம், சூரியன் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சுமார் ஐந்து யூனிட் கொட்டுகிறது. நம் குளத்தின் 32 சதுர மீட்டருக்கு 160 யூனிட். கருவி ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது. இலவச சர்வீசும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் சற்று விடுப்பு எடுக்கும்.

இவ்விடத்தில் பம்புசெட்டைப் பற்றிப் பேசாமல் போனால் ஆய்வு முழுமையாகாது. மாவட்டத்தின் உண்மையான வீட்டு நீச்சல்குளம் பம்புசெட் தொட்டிதான். தரைக்குக் கீழே சில மீட்டர் போனால் மண்ணுக்கு மார்கழியும் தெரியாது, சித்திரையும் தெரியாது; ஆண்டின் சராசரிச் சூட்டிலேயே கிடக்கும். அதனால்தான் காற்று 21 டிகிரிக்கு இறங்கிய விடியலிலும் போர்த் தண்ணீர் வெதுவெதுவென்று வந்து விழுகிறது. ஆலங்குடி, வடகாடு பக்கத்து ஆழமான போர்களில் இன்னும் சூடாகவே வரும். ஆழம் கூடினால் பூமியின் சூடும் கூடும். உலக நீச்சல் போட்டிக் குளங்களுக்கு விதித்திருப்பது 25 முதல் 28 டிகிரி வரை. அதற்கு முன்பே அந்த அளவை எட்டி நிற்பவை நம் தொட்டிகள். விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தில் வயலுக்குப் போகிற தண்ணீர் வழியில் ஒரு நிமிஷம் மனிதன் தலையில் தங்கிப் போவதைச் சட்டமும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆக, ஹீட்டரால் யாருக்கு என்ன லாபம்? குளத்து நீர் மாலை நாலு மணிவாக்கில்தான் உச்சச் சூட்டில் இருக்கும், விடியலில்தான் அடிமட்டத்தில். எனவே லட்சம் கொடுத்து நாம் வாங்குவது வெப்பத்தை அல்ல, மார்கழி, தையில் நாலு மணிக் குளியலை ஆறு மணிக்கு மாற்றும் உரிமையை. அந்த ஆறு மணிக்கு நீந்துகிற ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்கு மருத்துவர் நீரில் பயிற்சி செய்யச் சொன்ன பெரியவர் இருந்தால் வாங்கலாம், தயங்க வேண்டாம். குரங்குக் குல்லாயும் மப்ளருமாகத் திண்ணையில் டீ குடிக்கிறவர்தான் இருக்கிறார் என்றால், எந்த ஹீட்டரும் அவரை நனைக்காது. அவருக்கு உகந்த கருவி கைக்கடிகாரம்.

அப்படியும் வாங்கியே தீருவேன் என்பவர்கள் உண்டு. பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வரும் மாப்பிள்ளை குளத்தில் கால் வைத்துவிட்டு "ஆ" என்று இழுத்துக்கொண்டாராம்; மாமனாருக்கு அதற்குமேல் எந்தக் கணக்கும் ஏறாது. அவர்களுக்கு ஒரு யோசனை. ஹீட் பம்புகளில் திருப்பி ஓட்டக்கூடிய வகை இருக்கிறது. தண்ணீரின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளும். பங்குனி முதல் ஆனி வரை குளத்தில் இறங்கினால் வெந்நீர் அண்டாவில் இறங்கியதுபோல் இருக்கும் ஊருக்கு அதுவே ஏற்றது. கடைக்குப் போனதும் "குளிரவைக்குமா?" என்று கேளுங்கள். நீச்சல்குள ஹீட்டர் வாங்க வந்தவர் இப்படிக் கேட்கிறாரே என்று கடைக்காரர் விழித்தால், எந்த மாவட்டம் என்று சொல்லுங்கள்.