மருமவனே, கட்டைவிரலைத் தூக்காதலே!

ஏலே மருமவனே, தேனிலவுக்கு அந்தமான் போறியாம்ல. 2018-ல ஸ்வராஜ் த்வீப்னு பேரு மாத்தினாங்களே அந்த ஹேவ்லாக்ல, நீ ஸ்கூபா குளிக்கப் போறன்னு எங்க அக்கா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுதா. நல்லாப் போ. தூத்துக்குடியில பொறந்தும் முழங்காலுக்கு மேல கடல்ல நனையாத வீரன் நீ. மாமன் நாலு புத்தி சொல்லுதேன், கேட்டுக்க.

இறங்குறதுக்கு முந்தி ஒரு தாளை நீட்டுவாங்க. வீசிங் உண்டா, நெஞ்சுவலி உண்டான்னு. பொண்ணு பாக்கப் போனப்ப சொன்ன கணக்கா, “எனக்கு ஒரு குறையும் இல்ல”ன்னு எழுதிராத. சளி பிடிச்சிருந்தா இறங்கவே இறங்காத. கீழ போகப் போகக் காது அடைக்கும். மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதணும். பொண்டாட்டி பாக்காளேன்னு வலியைப் பொறுத்தா செவிப்பறை கிழிஞ்சிரும்.

சங்கு குளிக்கையில நாங்க மூச்சை அடக்கித்தான் இறங்கினோம். நீ அடக்கக் கூடாது. நாங்க மேல இழுத்த காத்தோட போயி, அதே காத்தோட வந்தோம். நீ இழுக்குறது அழுத்தத்துல அடைபட்ட காத்து. 10 மீட்டர் ஆழத்துல நெஞ்சு நிறைய இழுத்த காத்து, மேல வரும்போது ரெண்டு மடங்காகும். அதை அடக்கி வெச்சா நுரையீரல் தாங்குமாலே? ஊருக்குள்ள அடக்க வேண்டியது வாயை. அங்கன மூச்சை மட்டும் அடக்காத.

வாட்ஸ்அப்ல எதுக்கெடுத்தாலும் கட்டைவிரலைத் தூக்குவியே, தண்ணிக்குள்ள தூக்காத. நீ “சூப்பர்”னு நெனைச்சுத் தூக்குவ. கூட வர்றவன் “மேல போகணுமாம்”னு இழுத்துட்டு வந்துருவான், கட்டின பணம் கடலுக்கு. நல்லாருக்குன்னா, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாச் சேத்துக் காட்டு.

பவளப்பாறை உசிருள்ளது, மேல ஏறி நின்னு போட்டோ பிடிக்காத. அக்காவுக்குன்னு ஒரு துண்டை ஒடிச்சுப் பெட்டியில வெச்சேன்னா, 1972-ம் வருசத்து வனவிலங்குச் சட்டம் பாயும். அந்தமான் ஜெயிலைச் சுத்திப் பாக்கத்தாம்ல போகணும், தங்குறதுக்கு இல்ல.

கரையேறின கையோட விமானத்துக்கு ஓடாத. ஆழத்துல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன், உசரத்துக்குப் போனா சோடா மூடியைத் திறந்த கணக்காக் குமிழியாக் கிளம்பும். ஒரு தடவை குளிச்சா 12 மணி நேரம், பல தடவை குளிச்சா 18 மணி நேரமாவது தரையில கிட. மாமனார் வீட்டுல நாள்கணக்காக் கிடக்கத் தெரிஞ்ச உனக்கு இது பெரிய கஷ்டமா?

கடைசியா ஒண்ணு. தண்ணிக்குள்ள எதுவும் மூணுல ஒரு பங்கு பெரிசாத் தெரியும். திரும்பி வந்து, “நாலடி மீன் பாத்தேன் மாமா”ம்ப. கடல் காட்டுன கணக்கைக் கழிச்சா அது மூணடி. சொல்லுறது நீங்கிறதால, நான் ரெண்டடின்னு எழுதிக்கிடுதேன்.