நெறி கட்டிய டிரையர்

பனைமரத்தில் தேள் கொட்டினால் தென்னைமரத்தில் நெறி கட்டுமா? அமெரிக்காவில் கட்டியது.

2018 தொடக்கத்தில் வெளிநாட்டு வாஷிங் மெஷின்களுக்கு டிரம்ப் கூடுதல் வரி போட்டார். மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. சரி, கொட்டிய இடம். ஆனால் வரியே இல்லாத, துணி உலர்த்தும் டிரையரின் விலையும் கூடவே வீங்கியது! இரண்டும் பெரும்பாலும் ஜோடியாக விற்கும் பொருள்கள். மாப்பிள்ளைக்குச் செய்த சீரைப் பெண்ணுக்கும் செய்துவிட்டார்கள். வரி கட்டாத உள்ளூர் கம்பெனிகளும், ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா என்று, விலையை ஏற்றிக்கொண்டன.

பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். கிடைத்த வேலைகள் சுமார் 1,800. மக்கள் ஆண்டுக்குக் கூடுதலாக அழுதது சுமார் 150 கோடி டாலர். வசூலான வரியைக் கழித்த பிறகும் ஒரு வேலையின் விலை 8 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்ததோ வழக்கமான சம்பளம்தான்.

2025 மே மாதம், டிரம்ப் போட்ட புதிய இறக்குமதி வரிகளால் விலை உயரும் என்றது வால்மார்ட் கடை நிறுவனம். வரியை நீங்களே விழுங்குங்கள் என்றார் டிரம்ப். விழுங்கலாம்தான். ஆனால் எந்தக் கடைக்காரரும் வரியை வெறுமனே விழுங்குவதில்லை; தொட்டுக்கொள்ள வாடிக்கையாளரின் பர்ஸ் வேண்டும்.