தலைநகரம் சொல்லு பார்ப்போம்!

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஒரு கல்யாணம். இலையில் சாம்பார் விழுவதற்குள் பெரியப்பா முறைக்காரர் ஒருவர் பக்கத்து இலைப் பையனைப் பிடித்துக்கொண்டார். "பி.எஸ்சி. ஜாகரஃபியா? எங்கே, கஜகஸ்தான் தலைநகரம் சொல்லு பார்ப்போம்!"

"அஸ்தானா, பெரியப்பா."

"தப்பு! நூர் சுல்தான்!" அப்பளம் நொறுங்கியது.

2019-இல் அப்படிப் பெயர் மாற்றினார்கள். 2022-இல் மறுபடி அஸ்தானாவாக்கிவிட்டார்கள். பெரியப்பாவுக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை. எதிர்வரிசையில் இருந்த இக்கட்டுரையாளரும் ஒரு காலத்தில் அதே பாடத்தைப் படித்துத் தொலைத்தவர். பாயசம்கூட இறங்கவில்லை.

புவியியல் இளங்கலையில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் இந்தத் தலைநகர வழக்கை முடித்துவிடலாம்.

நாம் யாரும் பொலிவியாவைக் கேட்பதில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வோம்: சட்டப்படி சுக்ரே, அரசாங்கம் நடப்பது லா பாஸில். தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று: பிரிட்டோரியா, கேப் டவுன், புளூம்ஃபான்டைன். நவூருவுக்கு அதிகாரபூர்வத் தலைநகரமே கிடையாது. இலங்கைக்கு ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டை என்று பையன் சொன்னால், கொழும்பை எதிர்பார்த்தவர் முறைப்பார். இந்தோனேசியா ஜகார்த்தாவை விட்டு நுசந்தாராவுக்குக் கிளம்பியதற்கு, நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி நகரமே தாழ்ந்துகொண்டிருப்பதும் ஒரு காரணம். அதைச் சொல்லத்தான் பையன் மூன்று வருடம் படிக்கிறான். அதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். பி.காம். படிக்கிற பெண்ணை நிறுத்திப் பதினேழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிறோமா?

அடுத்த கேள்வி: "ஏம்ப்பா, வேற சீட் கிடைக்கலையா?"

அது இருக்கட்டும். செய்முறைத் தேர்வில் 1:50,000 டோப்போ ஷீட் என்கிற நிலவரைபடத்தை விரித்து வைப்பார்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள், பெரும்பாலும் 20 மீட்டர் இடைவெளியில். மலைப் பகுதி வந்துவிட்டால் தலைமுடிச் சிக்குபோல நெருங்கிக் கிடக்கும். காகித விளிம்பை வைத்து ஒவ்வொன்றாகக் குறித்து, கிராஃபில் ஏற்றிக் குறுக்குவெட்டு வரைவதற்குள் பென்சில் முனை உடையும். ரெக்கார்டு நோட்டில் மெர்கேட்டர் வேறு. 1569-இல் மாலுமிகளுக்காகப் போட்ட உலகப் படம். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு உப்பி நிற்கும். நிஜத்தில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது.

இத்தனையும் படித்தவனுக்கு வீட்டில் ஒரே உத்தியோகம்தான். கொடைக்கானல் போகிற வழியில் சிக்னல் போய்விட்டால், பின்சீட்டில் தூங்குகிறவனை உலுக்கி, "ஜாகரஃபிதானே படிக்கிறே, காட்டேஜ் எந்தப் பக்கம்?" என்பார்கள். சரிவு எத்தனை டிகிரி என்று வேண்டுமானால் கணக்குப் போட்டுச் சொல்வான். காட்டேஜுக்கு வழி டீக்கடையில்தான் கேட்க வேண்டும்.